எந்தப் பாதி?

ஈப்போவில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மீனாளிடம் யாரும் தத்துவம் பேசியதில்லை. கண் சோதிக்க வருகிறவர்கள் கண்ணாடி ஃபிரேமின் நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள். வீட்டில் கணவர் தேனப்பன் தன் இரும்புக் கடைச் சரக்கைப் பற்றிப் பேசுவார். தனக்குள் ஓடும் யோசனைகளை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வதென்று தெரியாமலே அவளுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

கவிநயாதான் வழி காட்டினாள். சுங்கை சிப்புட்டில் பள்ளி ஆசிரியை. கண் எரிகிறது என்று வந்தவள், ராத்திரியெல்லாம் கைப்பேசியில் படிப்பதுதான் காரணம் என்று தானே ஒப்புக்கொண்டாள். அப்படி என்ன படிக்கிறாய் என்று மீனாள் கேட்டாள். டெலிகிராமில் ‘எதனால்’ என்று ஒரு குழு இருக்கிறது, அங்கே தமிழில் தத்துவம் பேசிச் சண்டை போடுகிறோம் என்றாள் கவிநயா. மீனாளுக்குச் சண்டை என்ற சொல் பிடித்துவிட்டது. அங்கேயே கைப்பேசியை நீட்டி, சேர்த்துவிடச் சொன்னாள்.

சேர்ந்ததும் முதல் வேலையாகத் தாமரைப்பூ போட்ட ஒரு காலை வணக்கப் படத்தை அனுப்பினாள். அது சற்று நேரத்தில் காணாமல் போனது. குழுவை நடத்தும் சுவர்ணா தனியாகச் செய்தி அனுப்பினாள். அவள் வழக்கறிஞர், எழுத்திலும் அது தெரிந்தது. இங்கே வணக்கப் படம் கிடையாது, எங்கிருந்தோ வந்ததை அப்படியே அனுப்புவது கிடையாது, பெரியவர்கள் சொன்னார்கள் என்பது மட்டும் காரணமாகாது. புதிதாக வருகிறவர்கள் ஒரு கேள்வி கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

தத்துவமெல்லாம் படித்ததில்லை, கண் சோதிக்க மட்டும்தான் தெரியும் என்று மீனாள் பதில் எழுதினாள்.

“அப்ப கண்ணைப் பத்தியே கேளுங்க,” என்று வந்தது.

அன்று பிற்பகல் அவளுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் அவள் கேட்டது இதுதான்: நான் ஒரு லென்ஸை மாட்டி, பிறகு இன்னொன்றை மாட்டி, எது தெளிவு என்று கேட்கிறேன். ‘ரெண்டும் சாமாலா’, இரண்டும் ஒன்றுதான், என்கிறார்கள் பலர். இல்லை, இரண்டாவதுதான் தெளிவு என்று என் கருவி சொல்கிறது. ஒருவருக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்பதை அவரைவிட நான் அதிகம் அறிய முடியுமா?

முதல் பதில் சுகுமாரனிடமிருந்து வந்தது. பாகான் டத்தோவில் கணித ஆசிரியர். முடியாது என்று ஒரே அடியாக அடித்திருந்தார். உங்கள் கருவி கண்ணை அளக்கிறது, பார்வையை அல்ல. ஒன்றுபோல் இருக்கிறது என்று அவர் சொன்னால் அவருக்கு ஒன்றுபோல்தான் இருக்கிறது. அதைத் தப்பு என்று சொல்ல நீங்கள் யார்?

மீனாள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தனக்குக் கோபம் என்று முதலில் நினைத்தாள். இல்லை. அவள் சொன்னதை ஒருவர் முழுசாகப் படித்து, அது சரியில்லை என்று சொல்ல மெனக்கெட்டிருக்கிறார். இப்படி யாரும் அவளிடம் செய்ததில்லை. ‘சரி சரி’ என்று தலையாட்டிவிட்டுப் போகிறவர்களைத்தான் அவளுக்குத் தெரியும்.

மகளுக்குக் கண்ணாடி வாங்க வந்த காளியம்மாவின் கதையை அவள் பதிலாக எழுதினாள். தன் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அடித்துச் சொன்ன பெண்மணி, சும்மா போட்டுப் பாருங்கள் என்று சோதனைக் கண்ணாடியை மாட்டியதும் எதிர்ச்சாரி மரத்தைப் பார்த்து, “இலை இலையாத் தெரியுதே,” என்று அழுதுவிட்டார். இத்தனை வருஷம் தெளிவாகத் தெரிகிறது என்று அவர் சொன்னது தப்புத்தானே?

தப்பில்லை என்றார் சுகுமாரன். அவருக்குத் தெரிந்ததைத்தான் அவர் சொன்னார். அதைவிடத் தெளிவு ஒன்று உண்டு என்பது மட்டும்தான் தெரியாது.

அந்த வாரம் முழுவதும் மீனாள் வேறு ஆளாக இருந்தாள். ‘சாமா’ என்று சொன்ன ஒரு வாடிக்கையாளரிடம், சாமா என்றால் உங்கள் கணக்கில் என்ன என்று கேட்டுவிட்டாள். அவர் திகைத்தார். பிறகு அவரும் உட்கார்ந்து யோசிக்க, வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் குழுவினர் குரல் அழைப்பில் கூடினார்கள். இந்த முறை அவள் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை நிறுத்திவைத்து, தயாரித்து வைத்ததையெல்லாம் மூச்சுவிடாமல் பேசி முடித்தாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. மைக்கைத் திறக்கவே இல்லை என்று கவிநயா எழுத்தில் தெரிவித்த பிறகுதான் புரிந்தது. மறுபடி பேசினாள். இந்தத் தடவை, தயாரித்ததெல்லாம் மறந்துபோய், சொல்ல வந்தது மட்டும் நின்றது. அது முன்னதைவிட நன்றாக இருந்ததாக அவளுக்கே தோன்றியது.

சுகுமாரனின் குரல் எழுத்தைப் போல் இல்லை. மெல்லிய குரல்.

“அக்கா, காளியம்மாவுக்கு அதைவிடத் தெளிவு இருக்குன்னு தெரியாம இருந்துச்சு. உங்களுக்கும் அப்படி ஒண்ணு தெரியாம இருக்கலாம்தானே? அப்ப தெளிவு இதுதான்னு நீங்க எப்படிச் சொல்லுவீங்க?”

மீனாள் அந்தக் கேள்வியை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். யாரும் குறுக்கே பேசாததே அவளுக்குத் தைரியமாக இருந்தது.

“ஆமா. பாதி நான் தப்பு,” என்றாள்.

சிரிப்பார்கள் என்று நினைத்தாள். சுவர்ணா கேட்டாள்: “எந்தப் பாதி?”

தப்பை ஒப்புக்கொண்டால் பேச்சு முடிந்துவிடும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். இங்கே அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அவள் தட்டுத் தடுமாறிச் சொன்னாள்.

“அவங்களுக்கு எது தெரியலைன்னு நான் சொல்லலாம். சின்ன எழுத்தைப் படிக்க முடியலைன்னா முடியலை, அது எனக்கும் தெரியும். ஆனா என்ன தெரியுது, எப்படித் தெரியுதுன்னு அவங்கதான் சொல்லணும். அதுக்குள்ள நான் போக முடியாது.”

தானும் பாதியை விட்டுக்கொடுப்பதாகச் சுகுமாரன் சொன்னார். கருவி பார்வையை அளக்கவில்லை என்று எழுதியது அவசரம். பிறகு அந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவே கோடு எங்கே என்று கவிநயா ஆரம்பிக்க, வலியைப் பற்றி வேறொருவர் கேட்க, நேரம் போனதே தெரியவில்லை.

அன்று மாலை தாப்பாவில் ஒரு கல்யாண விருந்து. காரில் ஏறியதும் தேனப்பன், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அவள் தயங்கினாள். நேரம் வீணாக்குகிறாய் என்று சொல்வாரோ?

“மீனு, நீ சொன்னது எனக்குச் சரியாப் படல,” என்றார் அவர். “நீ கோவமா இருக்கியான்னு உனக்கு முன்னாடி எனக்குத் தெரியுது. நீ இல்லைன்னுதான் சொல்லுவ. அது உள்ளேதானே இருக்கு? அங்க நான் போயிட்டேனே.”

மீனாள் இருக்கையில் திரும்பி உட்கார்ந்தாள். அது முகத்தைப் பார்த்துச் செய்கிற யூகம், தெரிந்துகொள்வது ஆகாது என்றாள். யூகம் எப்போதும் சரியாக இருந்தால் அதற்குப் பேர் என்ன என்று கேட்டார் அவர். எப்போதும் சரியாக இருந்ததே இல்லை என்று அவள் உதாரணங்களை எடுத்துப்போட்டாள். அவர் ஒன்றை ஒத்துக்கொண்டு மற்றவற்றை மறுத்தார். வழியில் கோப்பேங் போனது, கம்பாரும் போனது. இருவரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே போனதில் தாப்பா போகும் வழியும் பின்னால் போய்விட்டது. அடுத்த ஊரான பீடோரின் பலகையைப் பார்த்த பிறகுதான் தேனப்பன் வேகத்தைக் குறைத்தார்.

“திரும்பணும்லா,” என்றார்.

“திரும்பலாம். முதல்ல நான் சொன்னதுக்குப் பதில் சொல்லுங்க,” என்றாள் மீனாள்.