நாலு மூடி

கிரீஸ்காரர் தன் சகலையின் கார் கத்தும் நாளுக்காக ஒரு வருஷமாகக் காது தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கார் மாமனாருடையது. கூன் முதுகும் பின்பக்க எஞ்சினுமாக, தண்ணீர் ஊற்ற வேண்டியதே இல்லாத, காற்றிலேயே ஆறுகிற பழைய வண்டி. லாரி ஷெட்டில் வேலை பார்த்த மூத்த மருமகன் கிரீஸ்காரர்தான் அதன் அடியில் படுத்தவர். முன் அச்சில் இரண்டு குறுக்குக் குழாய், அதில் கிரீஸ் ஏற்றுவதற்கு நாலு நிப்பிள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்க, நிப்பிளைத் துடைத்து, பழைய கறுப்பெல்லாம் ஓரத்தில் பிதுங்கி வரும்வரை கிரீஸ் அடிக்க வேண்டும். முடிந்ததும் ஒவ்வொரு நிப்பிள் தலையிலும் ஒரு பொட்டு கிரீஸை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திவிட வேண்டும். தூசி ஏறாமல் இருக்க அதுதான் மூடி. உலகத்தில் எந்த ஷெட்டிலும் செய்யாத இந்த வேலை மாமனாரின் கண்டுபிடிப்பு. தனக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார் என்று கிரீஸ்காரருக்கு அதில் ஒரு தலைக்கனம்.

அப்படிப்பட்ட காரை மாமனார் சாகும்போது, ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாத இளைய மருமகன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஜவுளிக்கடைக்காரன். காரைப் பட்டுத்துணி மாதிரி தடவிக்கொடுப்பதோடு சரி.

"இனிமே அந்த வண்டிய நான் தொட்டா என் கை அழுகட்டும்" என்றார் கிரீஸ்காரர். கிரீஸ் இல்லாவிட்டால் முன் அச்சு காய்ந்து, குழியில் இறங்கும்போதெல்லாம் கீச்சென்று ஊரைக் கூட்டும். அன்றைக்கு அவன் தன் வாசலில் வந்து நிற்பான். நிற்கட்டும்.

ஆனால் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கும் கார், எண்ணெய் குடித்த பூனை மாதிரி சத்தமில்லாமல் வந்தது. கிரீஸ்காரருக்கு வயிறு எரிந்தது. வேறு எவனோ கை வைக்கிறான். எவன்?

இதற்கு நடுவில் அவருடைய கிரீஸ் டப்பாவும் குறைந்துகொண்டே வந்தது. பக்கத்து வீட்டுப் பெயிண்டர்மேல் சந்தேகப்பட்டுப் பூட்டுப் போட்டார். அப்புறமும் குறைந்தது. பெயிண்டரோடு பேச்சை நிறுத்தினார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் சகலை வீட்டுக்கே போனார்.

"வாங்க சகல! அதிசயமா இருக்கு. மழை வரப்போகுது."

"வண்டிக்கு யாரு வேலை பாக்குறது?"

"யாரும் இல்ல. ஒரு வருஷமா ஒரு சொட்டு கிரீஸ் போடல. சும்மா வழுக்கிட்டுப் போகுது. நீங்கதான் மாமாவ வருஷம் பூரா பயமுறுத்தி வச்சிருந்தீங்க."

"ஒரு சொட்டுகூட போடல?"

"நம்பலையா? படுத்துப் பாருங்க. பாய் விரிக்கட்டுமா?"

கிரீஸ்காரர் படுத்தார். முழங்கால் கடகடத்தது. டார்ச்சை அடித்தார்.

பழைய கறுப்பு ஓரத்தில் பிதுங்கித் துடைக்கப்பட்டிருந்தது. அதன் பின்னால் புதுசு தேன் நிறத்தில் எட்டிப் பார்த்தது. நாலு நிப்பிள் தலையிலும் நாலு மூடி. அவரே செய்திருந்தாலும் இதைவிட ஒழுங்காக வந்திருக்காது.

ஒவ்வொரு மூடியிலும் சின்னக் கட்டைவிரல் ரேகை. ரேகைக்குக் குறுக்கே, கோடு கிழித்த மாதிரி ஒரு தழும்பு.

அந்தத் தழும்பு அவருக்குத் தெரியும். தினமும் சோறு போடுகிற கை.

"என்ன சகல, பேச்சைக் காணோம்?"

உண்மையைச் சொன்னால் தன் வீட்டுக்காரி இவனுக்கு ஊழியம் செய்வதை ஒத்துக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் இவன் சொன்னது நிஜமாகிவிடும். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடி.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கையக் காட்டு."

"எதுக்கு? ஜோசியம் பாக்கவா?"

"அவன் வண்டிக்கு நீ ஏண்டி கிரீஸ் போடுற?"

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "கண்டுபிடிச்சிட்டீங்களா? ஒரு வருஷம் ஆச்சே."

"ஜாக்கிய யாரு புடிச்சா? அவனா?"

"அவரு கடைக்குப் போன நேரத்துலதான் செய்யறது. தங்கச்சி திண்டுல உக்காந்து லைட்டு புடிப்பா. அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா பெருமையடிச்சுக்க முடியாதே, பாவம்."

"அந்தப் பயலுக்காக..."

"அவருக்காகவா? அந்த முன்சீட்டுல யாரு உக்காருறா? இடுப்பு ஒடிஞ்ச என் தங்கச்சி. வண்டி கெட்டிதட்டிப் போயி குழியில விழுந்தா வலி அவளுக்குத்தான். பஸ் ஏற முடியாதவன்னுதானே அப்பா குடுத்தாரு. ரெண்டு மருமகனுக்கும் குடுக்கல, மகளுக்குக் குடுத்தாரு. இது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்ததை ஓர் ஓரமாகத் தள்ளி வைத்து, மேலே பொறாமையைப் போட்டு மூடியிருந்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா செஞ்சிருப்பீங்களா?"

செய்திருக்க மாட்டார்தான். அவர் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மூடி வைக்கிறது? அத உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா? என்னப் பாத்துத் திருடினதா?"

அவள் சிரித்தாள். "நல்லா இருக்கே! நீங்க மாப்பிள்ளையா வர்றதுக்கு முன்னாடி எங்கப்பாவுக்கு ஜாக்கி புடிச்சது யாருன்னு நினைச்சீங்க? அப்பா விரல் பெருசு, வழியும். சின்ன விரல்தான் சரியா உக்காரும்னு என்னத்தான் வைக்கச் சொல்வாரு."

கிரீஸ்காரர் அன்றைக்குச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டார். சகலைமேல் இருந்த எரிச்சலாவது பழகிப்போனது. பெண்டாட்டிமேல் வந்தது புதுசு.

அடுத்த முறை கிரீஸ் போடும் நாள் வந்தபோது அவள் டப்பாவை எடுத்தாள். கிரீஸ்காரர் பெரிய ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே தங்கச்சி வீட்டுக்குப் போனார். கை அழுகட்டும் என்று சொன்னதை அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

இடப்பக்கம் அவர், வலப்பக்கம் அவள். தங்கச்சி ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு லைட்டைப் பிடித்தாள். அவர் தன் பங்குக்கு இரண்டையும் அடித்து, மூடி வைத்து, தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்தார். அவள் வைத்த மூடி சட்டைப் பொத்தான் மாதிரி அளவாக உட்கார்ந்திருந்தது. தன்னுடையது வழிந்திருந்தது.

"உன்னுது கோணலா இருக்கு" என்றார்.

"எங்க மாமா கோணல்?" என்று தங்கச்சி லைட்டை அதன்மேல் அடித்தாள்.

"லைட்ட இந்தப் பக்கம் காட்டு" என்று சொல்லிவிட்டு, தன் மூடியை வழித்தெடுத்து, இந்த முறை சுண்டுவிரலால் வைக்க ஆரம்பித்தார்.