எட்டுக் கேள்விக்கும் இல்லீங்க

1

மூன்றாவது கேள்விக்கும் “இல்லீங்க” என்றாள் ஆஷா. இன்னும் ஐந்து கேள்விகள் பாக்கி. மேசைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் சுபஸ்ரீ தலை நிமிராமல் கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா கருத்தம்மா உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது கேள்வி: சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்களா?

கேஸை அணைத்தாயா என்று அன்று காலையில் மட்டும் அம்மா நான்கு தடவை கேட்டிருந்தாள்.

“இல்லீங்க.”

[கதையை இங்கே தொடங்குவது நியாயமில்லைதான். இவர்கள் யார், இது என்ன பரீட்சை, இந்தப் பெண் ஏன் பொய் சொல்கிறாள், எதுவும் உங்களுக்குத் தெரியாது. முறைப்படி தொடங்கி மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் இந்த மேசைக்கு வந்து சேர்வதற்குள் ஆஷா ரொம்ப நல்ல பெண்ணாகிவிட்டாள்.]

2

இந்தக் கதையை எழுதக் காரணம், இதற்கு முன்னால் நான் எழுதிய இன்னொரு கதை. நான்கே வரி. அதனால் வந்த வினையைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆஷா என்பது நான் வைத்த பெயர். வயது பதினேழு, பிளஸ் டூ. ‘நான்’ என்று எழுதினால் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. ‘ஆஷா’ என்றால் ஓடுகிறது.

கைவிட்ட தொடக்கங்களையும் பார்த்துவிடுங்கள்.

“திருப்பூர் நல்லூரில், நிட்டிங் மெஷின் சத்தம் ஓயாத ஒரு சந்தில்……” வேண்டாம். அந்தச் சந்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் காதிலேயே விழாது.

“மறதி என்பது மனிதனுக்கு……” இதுவும் வேண்டாம். கட்டுரைப் போட்டிக்கு எழுதுவது போல இருக்கிறது.

“கருத்தம்மாவுக்கு நாற்பத்தொன்பது வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். புருஷன் ராமர் நூல் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்க மாட்டார்.” இது இருக்கட்டும். இதில் பொய் எதுவும் இல்லை.

3

பனியன் துணியை அடுக்கடுக்காகப் போட்டு வெட்டுவார்கள். வெட்டியதும் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பதின்மூன்றாம் நம்பர் உடம்புக்குப் பதின்மூன்றாம் நம்பர் கையைத்தான் வைத்துத் தைக்க வேண்டும். நம்பர் மாறினால் சும்மா பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. செக்கிங் லைட்டுக்குக் கீழே வைத்தால் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலமாக நிற்கும்.

பன்னிரண்டு வருஷத்தில் கருத்தம்மா நம்பர் மாற்றித் தைத்ததாக யாரும் சொன்னதில்லை. போன மாதம் ஒரே நாளில் இருபத்தாறு பீஸ் மாறிவிட்டது. லைன் சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் வந்து நின்றார். சத்தம் போடுவார் என்று மொத்த லைனும் காத்திருந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஏனுங்கக்கா, கண்ணாடி மாத்தோணுமாட்ட இருக்குதுங்க,” என்றார்.

அவள் கண்ணாடியை மாற்றினாள். அடுத்த வாரம் ஒன்பது பீஸ்.

கம்பெனி பஸ்ஸில் வந்தவள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கினாள். பேசிக்கொண்டே வந்துவிட்டேன் என்றாள். மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடித்தாள். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள், அது யாருக்கும் நடப்பதுதான். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆஷா அவற்றைச் சேர்த்துப் பார்த்துவிட்டாள்.*

* வேறு காரணங்களும் இருக்கலாம். தூக்கம் இல்லாவிட்டாலும் மறக்கும். ரத்தம் குறைந்தாலும், தைராய்டு இருந்தாலும் மறக்கும். ஆஷா போனில் தேடிப் படித்தாள். இப்படி மருந்தில் சரியாகிற காரணங்களும் இருப்பதால்தான் ஆரம்பத்திலேயே பார்க்கச் சொல்கிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை அவள் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை, அதனால் கதையிலும் காரணம் இல்லை.

4

அப்புறம் கம்பெனியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டதற்காக, நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு இரண்டு நாள் முகாம். கைப்பிடியில் எவ்வளவு பலம், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து தடவை எழ முடிகிறதா, நாலு மீட்டர் நடக்க எத்தனை நொடி, ஞாபகம் எப்படி. வீட்டு ஆள் ஒருவரும் வந்து எட்டுக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வயதாவதால் வரும் தளர்ச்சியை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் இது, முடிவு கம்பெனிக்குப் போகாது என்று நோட்டீஸில் தெளிவாகவே இருந்தது.

யாரும் நம்பவில்லை. தோற்றவர்களை முதலில் கைமடியாக இறக்கி டைலருக்குப் பீஸ் எடுத்துக் கொடுக்க வைப்பார்கள், பிறகு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று லைன் முழுக்கப் பேச்சு.

அதனால் பரீட்சை என்றால் எல்லோரும் என்ன செய்வார்களோ அதையே அவர்களும் செய்தார்கள். அதே லைனில் தைக்கும் பழனாயி திங்கட்கிழமையே உள்ளே போய் வந்தாள்; அவள், செவ்வாய்க்கிழமை போக வேண்டியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள்: “அஞ்சு வார்த்தை சொல்லுவாங்க கண்ணுகளா. ஆடு, கதவு, மழை, சீப்பு, நீலம். அஞ்சு நிமிசங் கழிச்சுத் திருப்பிக் கேப்பாங்க. பதறாம சொல்லுங்க.” ஆளுக்கொரு கும்பிடு போட்டு பதில் அனுப்பினார்கள்.

கருத்தம்மா போனைக் கொண்டுவந்து ஆஷாவிடம் நீட்டினாள். “உனக்குத்தான் மனப்பாடம் பண்ணத் தெரியும்லா. எனக்குச் சொல்லிக் குடு.”

முதல் தடவை இரண்டு வார்த்தை வந்தது. அடுத்த தடவை மூன்று. சீப்பு ஒவ்வொரு தடவையும் விழுந்துவிட்டது. ஆஷாவுக்கு அப்போதே தெரிந்துபோனது. தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டு, நோட்டில் ஒரு கதை எழுதினாள்.

ஆடு கதவை முட்டித் திறந்தது.
வெளியே மழை.
நனைந்த ஆடு சீப்பு கேட்டது.
நீலச் சீப்புதான் வேண்டும் என்றது.

“ஆட்டுக்கு எதுக்குட்டி சீப்பு? உங்கப்பனே சீவுறதில்ல,” என்று அம்மா சிரித்தாள். ஏழு தடவை சொல்லிப் பார்த்ததும் ஐந்தும் வரிசையாக வந்துவிட்டன.

நான் எழுதிய முதல் கதை அதுதான். நன்றாக வேலை செய்தது.

(நாற்காலியில் உட்கார்ந்து எழவும் பழகினார்கள். ஈரத் துண்டைப் பிழிந்து பிழிந்து கைக்கும் பயிற்சி. அதில் தப்பில்லை. உட்கார்ந்து எழுந்தால் கால் நிஜமாகவே பலமாகும். ஐந்து வார்த்தையை உருப்போட்டால் அந்த ஐந்து வார்த்தை மட்டும்தான் பலமாகும். இந்த வித்தியாசம் எனக்கு முகாம் முடிந்த பிறகுதான் தோன்றியது.)

5

நர்ஸ் சுபஸ்ரீயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் பிரதியில் அவரைச் சிடுசிடுப்பானவராக எழுதியிருந்தேன். அவர் அதட்டினார், அதனால் ஆஷா பயந்து பொய் சொன்னாள் என்று. படிக்க நன்றாக இருந்தது. அடித்துவிட்டேன். அவர் ஆஷாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். “ஊட்ல பெரியவங்க வரலையா கண்ணு? சரி, நீயே சொல்லு, பயப்படாதே,” என்றார். பொய் சொல்ல அந்த அறையில் ஒரு காரணமும் இல்லை.

கருத்தம்மா ஐந்து வார்த்தையையும் சொன்னாள். சொல்லும்போது அவள் உதடு ஆட்டுக்கதையை முணுமுணுத்ததை ஆஷா மட்டும் பார்த்தாள். நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்தாள். நடை கொஞ்சம் மெதுவு, பரவாயில்லை என்றார்கள்.

சுபஸ்ரீ ஒரு அட்டையில் மார்க்கை எழுதிக் கொடுத்தார். இன்றைக்கு எடுத்ததுதான் அடிப்படை. அடுத்த வருஷம் இதே மாதம் மறுபடி பார்ப்போம், இதிலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று வைத்துத்தான் சொல்ல முடியும் என்றார். நடுவில் சந்தேகம் வந்தால் கூப்பிட அட்டையின் பின்னால் ஒரு நம்பர் இருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்து, “உங்க பொண்ணும் எட்டுக்கும் இல்லைன்னுதாங்க சொல்லிருக்குது. நல்லதுங்க,” என்றார்.

அடிப்படையே பொய். ஒரு வருஷத்துக்கு இனி யாரும் பார்க்க மாட்டார்கள்.  ஆஷா பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டு ஓடினாள்.

6

முடிவுக்கு மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) ஆஷா அட்டையின் பின்னாலிருந்த நம்பருக்குப் போன் செய்கிறாள். சுபஸ்ரீ கோபப்படவில்லை, வேறு ஐந்து வார்த்தைகளோடு மறுபடி பார்க்கலாம் என்கிறார். ரத்தம் எடுத்ததில் தைராய்டு என்று வருகிறது, மாத்திரையில் சரியாகிறது. [இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனால்தான் நம்ப முடியவில்லை.]

(ஆ) அடுத்த வருஷம் முகாம் வருகிறது. அதே ஐந்து வார்த்தைகள். கருத்தம்மா அப்போதும் ஆட்டுக்கதையைச் சொல்கிறாள். மார்க் குறையவில்லை. சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம்…… [இதை முடிக்க மாட்டேன்.]

(இ) ஆஷா புதிதாக ஐந்து வார்த்தை எழுதி, கதை எதுவும் கட்டாமல் அம்மாவிடம் கேட்கிறாள். [வார்த்தைகள் தயார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. இன்னும் வாய்விட்டுப் படிக்கவில்லை.]

மூன்றையும் விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன்.

முகாம் முடிந்து இருவரும் கம்பெனி கேட்டைத் தாண்டி நடந்தார்கள். அம்மா வழக்கத்தைவிட நிறையப் பேசினாள். பஸ் வரும்வரை நிழலில் நிற்கலாம் என்று ஒரு பேக்கரி ஓரமாக ஒதுங்கினார்கள். அங்கேதான் அவள் அதைச் சொன்னாள்.

“நானும் பயந்துகிட்டுதான் கிடந்தேன் பாத்துக்க. நம்பர் ஏன் மாறுதுன்னு எனக்கே தெரியல. அவங்க குடுத்த மார்க்கு கிடக்கட்டும், அது நீ சொல்லிக் குடுத்து வந்தது. எட்டுக்கும் நீ இல்லைன்னியாமே, அதக் கேட்டதுக்கு அப்புறந்தான் எனக்கு உசுரு வந்துச்சு. வீட்ல என்னய பாக்கது நீதான. உனக்குத் தெரியாமலா இருக்கும்?”

ஆஷா பஸ் வரும் பக்கம் பார்த்தாள். அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பஸ் வந்து நின்றது. அம்மா ஏறவில்லை.

“நிசமாத்தானட்டி சொன்ன?”

இதற்கு அடுத்த வரியைப் பதினோரு தடவை எழுதினேன். “ஆமாம்மா” என்று ஆறு தடவை, “இல்லம்மா” என்று ஐந்து தடவை. எதை எழுதினாலும் அதற்கு மேல் கதை நகரவில்லை. பஸ் போய்விட்டது. அம்மா அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த இரண்டில் எதைச் சொன்னால் நான் அவளைக் காப்பாற்றியவள் ஆவேன்?