ஹூஸ்டனிலிருந்து ஒரு சகோதரி

குழந்தை அயன்ஃபேயின் மார்பு மேல் என் அண்ணி கைபேசியை வைத்திருந்தாள். அதற்குள் தீர்க்கதரிசி ஜோசாயா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பிள்ளை மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. கூடவே தீர்க்கதரிசியும் ஏறி இறங்கினார்.

வாசலில் நான் வாடகைக்கு ஓட்டும் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் நிறுத்தியிருந்தேன்.

"அண்ணி, எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"நேரலை முடியட்டும்டா. பாதியில எடுத்தா வந்த நோவு ஏழு மடங்கா திரும்பி வரும்னு அப்பா சொல்லியிருக்காரு."

அப்பா என்றது அவளைப் பெற்றவரை அல்ல, இந்தத் தீர்க்கதரிசியைத்தான். எங்கள் இபாதான் ஊரில் பாதிப் பேருக்கு இவர்தான் அப்பா.

"அவருக்கென்ன, ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு ஏழுன்னும் சொல்வாரு, எழுபதுன்னும் சொல்வாரு. இங்க மூச்சு நிக்கப் போகுது!"

"வாயக் கழுவுடா! மூத்தவனை ஆஸ்பத்திரிக்குத்தானே தூக்கிட்டு ஓடினேன்? திரும்பிக் கொண்டு வந்தேனா?"

மூத்தவன் ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருக்கும்போதே போய்விட்டான். அண்ணன் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகத்தில் வேலையாக இருந்தான்; அழைத்து அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம்தான். வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? ஜெபத்தை அறுத்துப் பிள்ளையைக் கொன்றவன் என்று அண்ணியே என்னைச் சொல்வாள்.

மூலையில் டாக்டர் ஓமோலாரா உட்கார்ந்திருந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பல்கலைக்கழக டாக்டர். ஜனங்கள் கைபேசி வழியாகக் கடவுளைக் கும்பிடுவதைப் பற்றி இரண்டு வருடமாக ஆராய்ச்சி செய்கிறார். வாராவாரம் வந்து அண்ணியோடு நேரலை பார்ப்பார். பார்க்க மட்டும்தான் செய்யலாம், எதிலும் தலையிடக் கூடாது என்பது அவர்கள் படிப்பில் சட்டமாம்.

"என்ன மேடம், இதையும் எழுதிக்கப் போறீங்களா? புள்ள செத்தா எந்த அத்தியாயத்துல வரும்?"

அவர் முகம் சுருங்கியது. தன் கைபேசியை எடுத்து நேரலையின் அடியில் தட்டினார்: 'இபாதானில் ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள், அப்பா.' அடுத்த கணமே 'ஆமென்', 'பெற்றுக்கொண்டேன்' என்று ஆயிரம் பேர் கொட்டியதில் அது காணாமல் போனது.

"படிக்க மாட்டாரு," என்றார் டாக்டரம்மா. "உள்ளூர்க்காரங்க போடறத அவர் கண்டுக்கறதே இல்ல. லண்டன், டொராண்டோன்னு வெளிநாட்டுப் பேர் வந்தாத்தான் கண்ணு நிக்கும். ரெண்டு வருஷமா பாக்கறேனே."

"அப்ப வெளிநாட்டுக்குப் போயிடுங்க!" ஆத்திரத்தில்தான் சொன்னேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வேகமாகத் தட்டினார்: 'ஹூஸ்டனிலிருந்து சகோதரி லாரா. அப்பா, ஒரு கனவு கண்டேன். இபாதானில் ஒரு தாய் குழந்தையின் மார்பில் கைபேசியை வைத்திருக்கிறாள். அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.'

"ஹூஸ்டன்!" பிள்ளையின் மார்பிலிருந்து குரல் துள்ளியது. "ஹூஸ்டன் நம்மகூட இருக்கு! ஸ்தோத்திரம்! அடுத்து மான்செஸ்டர்..."

அவ்வளவுதான், தாண்டிவிட்டார். அயன்ஃபேயின் உதடு சாம்பல் பூத்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அதையே மறுபடியும் மறுபடியும் போட்டார். நான் அண்ணியின் கையை விலக்கப் போனேன். கடித்துவிட்டாள். சத்தியமாகக் கடித்தாள்.

திடீரென்று கைபேசி அமைதியானது.

"இருங்க," என்றார் தீர்க்கதரிசி, கண்ணை மூடிக்கொண்டு. "ஆவியானவர் எனக்கு ஒண்ணு காட்டறாரு. ஒரு தாயைப் பாக்கறேன். இபாதான். புள்ள மார்பு மேல கைபேசி! மகளே, எந்திரி! ஆஸ்பத்திரிக்கு ஓடு! அபிஷேகம் உனக்கு முன்னால போகுது!"

ஹூஸ்டன் என்ற பேச்சே இல்லை. கனவு அவருடையதாகிவிட்டது. திருடித் தொலையட்டும், எனக்கென்ன. அண்ணி அலறிக்கொண்டு எழுந்தாள். எனக்குப் பின்னால் அவள், இருவருக்கும் நடுவே பிள்ளை, கடைசியில் டாக்டரம்மா தொற்றிக்கொண்டு வந்தார். அபிஷேகம் முன்னால் போனதோ என்னவோ, என் வண்டி பறந்தது.

பிராணவாயு வைத்த பிறகு விலாவில் விழுந்த குழி மெல்லக் குறைந்தது. பிழைத்துக்கொள்வான் என்றார்கள். அண்ணி ஆஸ்பத்திரித் தரையிலேயே முழங்காலிட்டு, நேரலைக்கு அழைத்துச் சாட்சி சொன்னாள். தீர்க்கதரிசியே இணைப்பில் வந்துவிட்டார்.

"ஹூஸ்டன் யாருன்னு போட்டு உடைங்க மேடம்," என்று டாக்டரம்மாவின் காதில் சொன்னேன். "அந்தாளு மானம் கப்பலேறட்டும்."

அவர் அண்ணியிடம் குனிந்தார். "அயன்ஃபே அம்மா, மறுபடி இப்படி மூச்சு இரைச்சா என்ன செய்வீங்க?"

"அப்பா போகச் சொன்னா வருவேன்."

"சொல்லலேன்னா?"

"அவர் சொல்லாம நான் ஏன் வரணும்?" என்று கைபேசியை நீட்டினாள் அண்ணி. "நீங்களும் கூடத்தானே இருந்தீங்க. சாட்சி சொல்லுங்க."

டாக்டரம்மா வாங்கிக்கொண்டார்.

"நான் கண்ணால பாத்தேன் அப்பா. இனிமே எந்தப் புள்ளைக்கு மூச்சு இரைச்சாலும், நேரலை முடியட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு சொன்னீங்களே, அந்த வார்த்தைக்கு ஆமென்."

அந்த ஆள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. திரையில் அவர் வாய் திறந்தபடி நின்றது. கீழே ஆமென் மேல் ஆமென் விழுந்தது, லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும்.

"ஆமா," என்றார் கடைசியில். "சொன்னேன்."

"ஆமென்!" என்று அண்ணி கத்திய கத்தலில் நர்ஸ் ஓடி வந்தார்.

டாக்டரம்மா சுவரோரம் போய் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று தெரிந்தது.

"புள்ள பொழைச்சுட்டான், அப்புறம் எதுக்கு மேடம் அழறீங்க?"

"அவர் என்ன சொல்றாருன்னு ரெண்டு வருஷமா எழுதிக்கிட்டிருக்கேன்," என்றார். "இன்னைக்கு அவர் சொன்னது அத்தனையும் நான் சொன்னது."