கரையில் ஒருத்தர்

உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே இருக்கிறாள் என் மனைவி லோசா, சிமெண்டுக் கல்லறை மேல் பூத்திருக்கும் உப்பை, துடைக்கத் துடைக்கத் தண்ணீர் ஏறுகிறது, எங்கள் தீவில் கடல் அலையாக வந்து மோதுவதில்லை, பௌர்ணமியில் பூமிக்கு அடியிலிருந்து, நண்டுப் பொந்துகளில் குமிழ் விட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் வாசலுக்கு வந்துவிடும், வாசலில்தான் மலியா இருக்கிறாள், எங்கள் ஒரே மகள், நாலு வயதில் காய்ச்சலில் போனவள், செத்தவர்களை வீட்டை ஒட்டியே புதைத்து, மேலே கூரை போட்டு, பாய் விரித்து, சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது தீவின் வழக்கம், எழுந்திரு லோசா, கப்பல் வந்துடுச்சு என்கிறேன், அவள் கை நிற்கவில்லை, நீங்க போங்க, நான் கரையில நிக்கிறேன் என்கிறாள்.

கரையில் நிற்பது என்றால் என்னவென்று எனக்கு முதலில் தெரியாது, கொப்பரைப் படகுக்கு எஞ்சின் பார்க்கப் பீஜியிலிருந்து வந்தவன் நான், கரும்புத் தோட்டத்துக் கூலியின் பேரன், லோசாவின் அண்ணன் தாவிதாதான் சொன்னான், கொள்ளுப்பாட்டன் காலத்தில் ஒரு கப்பல் வந்ததாம், வேதம் படிக்கக் கூட்டிப்போகிறோம் என்றார்களாம், ஊரே நல்ல உடுப்பு உடுத்தி, புதுப் பாய் சுருட்டிக்கொண்டு, பாடிக்கொண்டே ஏறியதாம், பாட்டு முடிவதற்குள் அடித்தட்டில் இறக்கி மேலே கதவைச் சாத்திவிட்டார்கள், ஒருவரும் திரும்பவில்லை, பறவை முட்டை பொறுக்கத் தள்ளியிருந்த திட்டுக்குப் போன சிலர்தான் மிச்சம், அவர்கள் போட்ட ஊர்க்கட்டு அது, எந்தக் கப்பலானாலும் ஒரு வீட்டில் எல்லாரும் ஏறக்கூடாது, போனவர்கள் திரும்பும்வரை ஒருத்தர் கரையில் நிற்கணும், உங்க ஆளுங்களையும் கப்பல்லதான மச்சான் ஏமாத்திக் கூட்டியாந்தாங்க, அதான் எங்ககிட்ட வந்து ஒட்டிக்கிட்டீங்க என்று தாவிதா சிரிக்கிறான், நானும் சிரிக்கிறேன், அப்போது மலியா பிறக்கவில்லை.

இது அரசாங்கக் கப்பல், எல்லாரையும் ஒரேயடியாகக் கூட்டிப்போக வந்தது, சேம்புக் குழிகளில் உப்பேறி, கிழங்கை இழுத்தால் கையில் கூழாக வருகிறது, குடிக்க மழைத்தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை, நின்றால் சாவுதான், ஆனாலும் கட்டு கட்டுதானே, தாவிதா தன் பன்றியை அவிழ்த்துவிட்டு, எங்க வீட்டுக்கு இது நிக்கட்டும், என் பொண்டாட்டிய விட நல்லாக் காவல் காக்கும் என்றான், அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள், இன்னொரு வீட்டில் நாயை நிறுத்தினார்கள், இன்னொரு வீட்டில் சேவலை, லோசா மட்டும் சிரிக்கவில்லை, பன்னியா நிக்கும் என்று கேட்டாள், எங்கள் வீட்டில் நானும் அவளும்தான், நான் நிற்கிறேன் என்றதற்கு, நீங்க இந்த மண்ணு இல்ல, உங்களுக்கு அந்தப் பாரம் வேணாம் என்றாள், கப்பலுக்குக் கூட்டிப்போகும் படகு ஊதிக்கொண்டிருந்தது, என் வாய்க்கு எப்படி வந்ததோ, மலியா நிக்கிறாளே லோசா, நம்ம வீட்ல ஒருத்தி கரையிலதான இருக்கா என்றேன், அவள் கை நின்றது, நனைந்த பாயையே உதறி மறுபடி விரித்தாள், நாலு மூலைக்கும் கல் வைத்தாள், அம்மா வந்துடறேன் என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள், படகில் யாரும் பாடவில்லை, பவளத்திட்டு வரைக்கும் பன்றி நீந்தி வந்தது, பிறகு தலை தெரியவில்லை, என் கனவில் அது இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறது, தாவிதா அன்றும் திரும்பிப் பார்க்கவில்லை, கனவிலும் பார்ப்பதில்லை.

கப்பல் கொண்டுவிட்ட ஆக்லாந்து நகரத்தில் எங்களுக்கு நாலாவது மாடியில் வீடு, குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர், லோசா பேசுவது குறைந்துபோனது, ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், ஆள நிறுத்துறது திரும்பி வரவங்கதான், நாம திரும்பப் போறதில்ல, இது தெரிஞ்சே நாலு வயசுப் பிள்ளையக் காவலுக்கு வச்சுட்டு வந்துட்டோம், அவ பார்த்துக்கிட்டே இருப்பா இல்ல என்று, அன்றைக்குப் பௌர்ணமி, அங்கே இந்நேரம் நண்டுப் பொந்துகளில் குமிழ் வரும், இங்கே கூடத்துத் தரை காய்ந்து கிடக்கிறது, அதில் ஒரு துளி ஈரமில்லை, லோசா மண்டியிட்டு உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே இருக்கிறாள், நான் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைத் துடைக்கிறேன்.