கேப் சார் செய்த ஆப்பிள் இனிப்பு

அந்தப் பல் மருத்துவமனையில் பாட்லக் என்றால் கேப் சார் கொண்டுவர வேண்டியது காகிதத் தட்டு. ஆளுக்கு ஒரு பதார்த்தம் வீட்டில் செய்து எடுத்துவந்து, மதியம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிடுவார்கள். யார் சாதம், யார் கோழி, யார் காய்கறி என்று நர்ஸ் அக்கா உரக்கச் சொல்லிப் பிரித்துக்கொடுப்பார். இவர் முறை வந்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். "கேப் சார், தட்டு, டம்ளர், டிஷ்யூ. ஓகேவா?" என்பார். இவரும் ஓகே என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். மனிதருக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. வெந்நீர் வைத்தாலே அடிபிடிக்க வைக்கக்கூடியவர் அவர் என்பது அவருக்கே தெரியும்.

உடைந்த பல்லுக்கு மேலே மாட்டுகிற உறைக்குத்தான் கேப் என்று பேர். அதைச் செய்வது அவர் தொழில். மாடிப்படிக்குக் கீழே ஜன்னலில்லாத ஒரு லேப், அதில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, அலமாரி நிறைய யார் யாருடையதோ பல்வரிசைகள், பிளாஸ்டர் மாவில் வார்த்தவை. தொழிலில் கெட்டிக்காரர். எது சொந்தப் பல், எது கேப் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. ஆனால் தொழில் தவிர வேறு எதையாவது வாய் திறந்து பேசச் சொன்னால் அந்தப் பிளாஸ்டர் வாய்களே தேவலை.

இந்த முறை நர்ஸ் அக்கா தட்டு, டம்ளர் என்று ஆரம்பித்தபோது, "ஸ்வீட் நான் செஞ்சு கொண்டு வரேன்" என்று ஒரு குரல் கேட்டது. யார் அப்படிச் சொன்னது என்று எல்லாரோடும் சேர்ந்து அவரும் திரும்பிப் பார்த்தார். அவர்தான் சொல்லியிருந்தார்.

"சார், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார் நர்ஸ் அக்கா.

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். அந்தப் பாட்லக் ரிசப்ஷன் மேடத்தை வழியனுப்புவதற்காக. ஊரின் அந்தக் கோடியில் திறக்கிற புதுக் கிளைக்கு அடுத்த வாரம் அவர் மாற்றலாகிப் போகிறார். கேப் சாருக்கு ரிசப்ஷன் மேடத்தைப் பிடிக்கும். லேசாக ஒன்றும் இல்லை, ரொம்பவே பிடிக்கும். தலையில் பாதி நரைத்த பிறகு இதெல்லாம் தேவையா என்று கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே பலமுறை திட்டியிருக்கிறார். கண்ணாடியும் தேவையில்லை என்றுதான் சொன்னது. ஆனாலும் தினம் காலையில் ரிசப்ஷனைத் தாண்டும்போது "குட் மார்னிங் மேடம்" என்ற இரண்டு வார்த்தையை வாசலிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் வெறுமனே தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படிக்குக் கீழே போய்விடுவார். இப்போது மேடம் போகப் போகிறார். பாட்லக் முடிவதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும். வாய்க்குத்தான் வக்கில்லை, கையாவது பேசட்டும் என்று நினைத்தார்.

அன்று சாயந்திரமே தன் கூடப்பிறந்த அக்காவுக்கு போன் போட்டார்.

"அக்கா, அடுப்பு இல்லாம ஒரு ஸ்வீட் சொல்லேன்."

"ஏன்டா, அடுப்ப வித்துட்டியா?"

"விளையாடாதக்கா. ஈஸியா இருக்கணும். பார்க்கவும் நல்லா இருக்கணும்."

"பச்சை ஆப்பிளைப் பொடிப்பொடியா நறுக்கு. உள்ள கேரமல் வெச்ச சாக்லேட் பார் கடையில கிடைக்கும் பாரு, அதையும் பொடிப்பொடியா நறுக்கு. கிரீமை நல்லா அடிச்சு ரெண்டையும் அதுல போட்டுக் கிளறு. ஃப்ரிட்ஜ்ல வை. முடிஞ்சுது. உன்னாலகூட அதைக் கெடுக்க முடியாது."

"அளவு?"

"கண்ணளவுதான்டா."

"கண்ணளவுன்னா எத்தனை கிராம்?"

"நீ உருப்படவே மாட்ட. ஆமா, யாருக்குடா இதெல்லாம்?"

"ஆபீஸ்ல ஒரு பாட்லக்."

"ஆபீஸ்ல யாருக்குன்னு கேட்டேன்."

"சிக்னல் சரியா இல்லக்கா" என்று சொல்லி போனை வைத்தார். சிக்னல் அமோகமாக இருந்தது.

பாட்லக்குக்கு முந்தின நாள் லீவு போட்டார். ஒரு ஆப்பிள் நறுக்க லீவு போட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும். லேப்பில் பல்லின் அகலம் அளக்க வைத்திருக்கும் அளவுகோல் போலவே வீட்டில் ஒன்று உண்டு. அதைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு ஆப்பிள் துண்டையும் அளந்து அளந்து நறுக்கினார். சதுரம் என்றால் சதுரம், ஒரு மயிரிழை கூடக் குறைய இல்லை. கடைசித் துண்டை நறுக்கிவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்தபோது, முதலில் நறுக்கியதெல்லாம் பழுப்பேறி, புகையிலை போடுகிறவர் பல் மாதிரி இருந்தது. அத்தனையையும் தானே தின்று தீர்த்தார். அடுத்த ஆப்பிள்களை எலுமிச்சைச் சாற்றில் போட்டபடி நறுக்கினார்.

கிரீம் அடுத்த கூத்து. நன்றாக அடிக்கச் சொன்னாளே அக்கா என்று அடி அடி என்று அடித்ததில் அது வெண்ணெயாகத் திரண்டு உட்கார்ந்துகொண்டது. மறுபடி கடைக்குப் போனார். கடைக்காரர், "பார்ட்டியா சார்?" என்றார். "ஆராய்ச்சி" என்றார் இவர். இரண்டாவது கிரீம் சரியாக வந்தது. நிறம்தான் கொஞ்சம் வெளுப்பு அதிகம், இயற்கையாக இல்லை என்று தோன்றியது. இது பல் இல்லையடா மடையா, கிரீம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விட்டார்.

சாக்லேட்டில்தான் கோட்டை விட்டார். பொடிப்பொடியாக என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் அப்படி நறுக்கினால் கஞ்சன் செய்தது போலத் தெரியுமே, மேடம் என்ன நினைப்பார் என்று அவருக்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது. அதனால் கத்தியைப் பெரிதாகவே போட்டார். வெட்டி முடித்துப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் அச்சு அசலாக ஒரு கடைவாய்ப் பல் அளவு இருந்தது. வாழ்நாளெல்லாம் அதையே செய்த கை, வேறு அளவு அதற்குத் தெரியவில்லை.

பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்தியபின், அந்தக் கதவைப் பார்த்தே ஒத்திகை செய்தார். "மேடம், நீங்க போனப்புறமும் ஒருநாள் வெளிய எங்கயாவது காபி சாப்பிடலாமா?" ஃப்ரிட்ஜ் மறுப்புச் சொல்லவில்லை. அவருக்குத் தைரியம் வந்தது.

மறுநாள் மதியம் மீட்டிங் அறையின் நீள மேஜையில் எல்லாப் பாத்திரங்களும் வரிசையாக இருந்தன. கேப் சாரின் கண்ணாடிக் கிண்ணத்தின் மூடியைத் திறந்ததும் ஆஹா என்று ஒரு சத்தம் எழுந்தது. வெள்ளைக் கிரீமுக்குள் பச்சைத்தோல் ஆப்பிளும் பழுப்பு சாக்லேட்டுமாக, சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெரிய டாக்டர் அம்மாவே எட்டிப் பார்த்து, "யாரு, நம்ம கேப் சாரா?" என்றார். சாதத்தைக்கூடத் தொடாமல் ரிசப்ஷன் மேடம் நேராக அதில்தான் கரண்டியைப் போட்டார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். நிஜமாவே நீங்களா செஞ்சீங்க?"

இதோ வந்துவிட்டது நேரம். காபி, வெளியே, ஒருநாள். "அடுப்பே தேவையில்ல மேடம்" என்றார் கேப் சார். சொன்ன அடுத்த நொடியே தன் கன்னத்தில் தானே ஒன்று விடவேண்டும் போல இருந்தது.

மேடம் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டார். மற்றவர்களும் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அறையில் பேச்சுச் சத்தம் ஓய்ந்துபோனது. ருசியில் மயங்கிவிட்டார்கள் என்று கேப் சாருக்கு உச்சி குளிர்ந்தது. நன்றாக உற்றுப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. யாருக்கும் வாய் திறக்க முடியவில்லை. கடைவாய்ப் பல் அளவு கேரமல் ஒவ்வொருவர் வாயிலும் ஜவ்வாக இழுத்துக்கொண்டிருந்தது. ஊரார் பல்லையெல்லாம் சரி செய்கிற இடம் அது. அங்கே வேலை செய்கிறவர்கள் ஒருத்தர்கூடத் தங்கள் பல்லைப் பார்த்துக்கொள்வதில்லை. அதனால் எல்லாரும் கழுத்தைச் சாய்த்து ஒரே பக்கமாக மென்றுகொண்டிருந்தார்கள். நர்ஸ் அக்கா தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு, "பாவி மனுஷா, பல்லு அடைச்சதெல்லாம் வந்துடும் போல" என்று பாதி வார்த்தையை விழுங்கியபடி சொன்னார்.

அப்போது ரிசப்ஷன் மேடம் மெல்வதை நிறுத்தினார். கை மெதுவாக வாயைப் பொத்தியது. கண் நேராகக் கேப் சாரைத் தேடியது.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மேல் வரிசை, முன் பல். படியில் வழுக்கி விழுந்து மேடத்துக்கு உடைந்த பல் அது. அதன்மேல் தற்காலிகமாக ஒரு கேப்பை ஒட்டியது இதே கை. தற்காலிகக் கேப் போட்டவர்கள் ஒட்டுகிற மிட்டாய் பக்கமே போகக்கூடாது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஓதிக்கொண்டிருப்பதும் இதே வாய். ஆசையாக ஒரு பொருள் செய்ய உட்கார்ந்தவருக்கு உலகத்தில் வேறு தின்பண்டமே கிடைக்கவில்லை!

மேடம் எழுந்து லேப்புக்கு நடந்தார். இவர் பின்னாலேயே ஓடினார்.

ஸ்டூலில் உட்கார்ந்து, டிஷ்யூவில் வைத்திருந்த கேரமல் உருண்டையை மேடம் நீட்டினார். அதன் நடுவே கேப் பதிந்திருந்தது. இவர் அதை இடுக்கியால் பிடுங்கி வெந்நீரில் கழுவிவிட்டு, திரும்ப ஒட்டுவதற்குச் சிமெண்ட் கலக்கத் தொடங்கினார்.

"மன்னிச்சுக்கங்க மேடம். எனக்கு அறிவே இல்ல. உங்களுக்காகத்தான் செஞ்சேன், கடைசியில உங்க பல்லையே..."

"பரவால்ல சார்" என்றார் மேடம், வாயைப் பொத்திக்கொண்டே.

பரவாயில்லை என்று அவர் சொன்னதுதான் இவரை இன்னும் குடைந்தது. ஏனென்றால், நிரந்தரக் கேப் எப்போதோ தயார். மேடத்தின் பிளாஸ்டர் பல்வரிசையில் மாட்டி, இதே மேஜையில் விளக்குக்குக் கீழேதான் இருந்தது. நிறம் சரியில்லை, விளிம்பு சரியில்லை, திரும்பச் செய்கிறேன் என்று ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டவர் இவர். நிரந்தரக் கேப் ஒட்டிவிட்டால் அது கழன்று வராது. தற்காலிகம் அவ்வப்போது தளரும். தளர்ந்தால் மேடம் ரிசப்ஷனை விட்டு எழுந்து லேப்புக்கு வருவார், இந்த ஸ்டூலில் உட்காருவார், ஒட்டி முடிக்கும்வரை இருப்பார். இவருக்கு அது போதுமாக இருந்தது. ஒருத்தி மனம்விட்டுச் சிரிப்பதைத் தன் சுயநலத்துக்காகத் தொங்கலில் விட்டிருக்கிறோமே என்று இப்போதுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

பெரிய டாக்டர் அம்மா கதவில் தலையை நீட்டினார். "கழண்டுடுச்சா? இன்னும் தற்காலிகமா அது? நிரந்தரம் ரெடின்னா இன்னைக்கே போட்டு அனுப்பிடலாமே. அங்க போய்க் கஷ்டப்படக் கூடாது பாருங்க. ரெடியா சார்?"

ரெடி என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. ஆனால் புது இடத்தில், முகம் தெரியாதவர்கள் நடுவில் மேடம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது கண்முன் வந்தது. அதை அவரால் தாங்க முடியவில்லை. போகட்டும், நல்ல பல்லோடாவது போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"இன்னும் ரெடியாகல டாக்டர்" என்றார் மேடம்.

சொல்லியபடியே கையிலிருந்த டிஷ்யூவை மேஜையில் போட்டார். அது அந்தப் பிளாஸ்டர் பல்வரிசையின் மேலேயே விழுந்து, தயாராக இருந்த கேப்பை மறைத்துவிட்டது.

"அப்படியா? சரி, புதுக் கிளையிலயும் லேப் இருக்கு. அங்க இருக்கறவர் செஞ்சு தருவார்."

"வேணாம் டாக்டர். இவர் கையில ஆரம்பிச்சது, இவரே முடிக்கட்டும். நான் இங்கயே வந்து போட்டுக்கறேன்."

டாக்டர் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாதம் ஆறிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேப் சார் கலக்கி வைத்திருந்த சிமெண்ட் தகட்டிலேயே இறுகிக் கல்லாகிவிட்டிருந்தது.

"மேடம், அது ரெடிதான்" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மூணாவது தடவை நிறம் சரியில்லன்னு சொன்னீங்களே, அப்பலேர்ந்து. எனக்கும் கண்ணு இருக்கு சார்."

"அப்போ ஏன் கேக்கல?"

"நீங்களா ஏதாவது சொல்வீங்கன்னு பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் இங்க வந்து உக்காந்து பார்த்தேன். நீங்க சிமெண்டைப் பத்தியே சொல்லிட்டு இருந்தீங்க. இன்னைக்கு அடுப்பப் பத்தி."

கேப் சாருக்குக் காது மடல் வரை சூடேறியது. இத்தனை நாள் தான் ஒருத்தன் மட்டும்தான் சாக்குத் தேடுகிறோம் என்று நினைத்திருந்த முட்டாள்தனத்தை என்னவென்று சொல்வது! சந்தோஷத்தில் அழுகை வந்துவிடுமோ என்று பயந்து, மேஜையிலிருந்த முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். அதற்குள்ளிருந்துதான் கடைசியில் அந்த வார்த்தை வெளியே வந்தது. காபி, வெளியே, ஒருநாள். ஃப்ரிட்ஜிடம் சொன்ன அழகில் பாதிகூட இல்லை.

"சரி" என்றார் மேடம். "முதல்ல பல்லை ஒட்டுங்க. இப்படியே எங்க வர்றது?"

இவர் புதிதாகச் சிமெண்ட் கலக்க எடுத்தார். இரண்டு குப்பிகள் இருந்தன, ஒன்றால் ஒட்டினால் பிறகு கழற்றலாம், மற்றதால் ஒட்டினால் கழற்ற முடியாது. கை இரண்டுக்கும் நடுவே தயங்கியது.

"மேடம், எதை ஒட்டட்டும்?"

வாயைப் பொத்தியிருந்த கையை மேடம் எடுத்தார். பல் இல்லாத அந்த இடம் தெரிய, வெட்கமே இல்லாமல் சிரித்தார்.

"எதை வேணாலும் ஒட்டுங்க சார். நான் எப்படியும் வரத்தான் போறேன்."