அணைத்ததும் மறக்கும் கணினி

"அப்போ தினமும் சாயந்திரம் அணைச்சதும் எல்லாத்தையும் மறந்துடுமா?"

"எல்லாத்தையும் இல்ல அண்ணி. நான் முதல்ல வெச்சுக் கொடுத்தது அப்படியே இருக்கும்."

"அதுக்கப்புறம் நான் சேர்த்தது?"

அவன் மவுசைத் தேவையில்லாத இடத்துக்கெல்லாம் நகர்த்திக்கொண்டிருந்தான்.

"சொல்லு தம்பி."

"அது மட்டும் போயிடும்."

அண்ணி நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடி வழியே அவளுடைய காது கிளினிக்கின் வெளியறை தெரிந்தது. அங்கே, ஊரில் பூட்டு பழுதுபார்க்கும் பூட்டுக்காரர் காலிப் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய காது மெஷின், போன வாரம் முகம் கழுவும்போது வாளிக்குள் விழுந்து செத்துப்போனது. அந்த மாடலை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. அண்ணி பத்து இடத்தில் விசாரித்து, யாரோ வேண்டாமென்று போட்டுவைத்திருந்த ஒன்றைத் தேடிப் பிடித்தாள். பழைய மெஷினில் இருந்த ஒலி அளவுகள் கணினியில் கோப்பாக இருக்கும், அதை எடுத்து இதில் ஏற்றினால் முடிந்தது என்று சொல்லித்தான் அவரை வெளியே உட்காரவைத்திருந்தாள்.

கோப்பு இல்லை. அதனால்தான் கணவனின் தம்பியை அலுவலகத்திலிருந்து வரச் சொன்னாள்.

அவன் அங்கே பார்க்கும் வேலையே ஒரு கணினிக்குள் பல கணினிகளைக் குடியமர்த்துவதுதான். அண்ணியின் கிளினிக்கில் இருந்த பழைய கணினி இரைச்சல் போட்டு உயிரை விட்டபோது, ஆசையோடு இதையும் அவனே செய்து கொடுத்தான். புதுக் கணினி ஒன்று. அதற்குள் மூன்று இயங்குதளங்கள். சந்திப்பு நேரங்களைக் குறித்துக்கொள்ள ஒரு லினக்ஸ். அதற்குக் கொஞ்சம் நினைவகம் கொடுத்தால் போதும், மூலையில் சமர்த்தாக இருக்கும். புது மாடல் காது மெஷின்களுக்குப் புது விண்டோஸ்; அது எவ்வளவு கொடுத்தாலும் பற்றவில்லை என்னும். பழைய மாடல்களுக்கான மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடியது.

அவனுக்குப் பிடித்தது அந்தப் பழையதுதான். அதற்கு அதிகம் கொடுத்தால் தடுமாறியது. ஒரே ஒரு ப்ராசஸர், அதன் காலத்து டிஸ்க், அதன் காலத்து சவுண்டு கார்டு என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்தினான். இணையத்தைத் துண்டித்தான். காது மெஷினை இணைக்கும் யுஎஸ்பி வாசல் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கினான். வெளியே வருடங்கள் போனதை யாரும் அதற்குச் சொல்லிவிடக் கூடாது என்பதுபோல இருந்தது அந்த ஏற்பாடு. சில மாலைகளில், யாருக்குமே வயதாகாத ஒரு ஊரைக் கட்டிக்கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றும்.

"உன் விருந்தாளிங்களை நல்லாத்தான் கவனிக்கிற" என்று அண்ணி அப்போது கிண்டல் செய்தாள். "ஒருத்தருக்கு அரைச் சாப்பாடு, ஒருத்தருக்கு முழுச் சாப்பாடு. உங்க அண்ணனுக்கும் இப்படி ஒரு அளவு வெச்சுக் கொடேன், புண்ணியமாப் போகும்."

பழைய விண்டோஸ் கண்ணிமைப்பதற்குள் திறந்தது. என்றைக்கும் அப்படியே திறக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். அதனால் அதன் டிஸ்கை, அணைத்ததும் அன்றைய மாற்றங்களை உதறிவிடும்படி வைத்தான். குப்பை சேராது, வைரஸ் தங்காது. அண்ணி சேமிக்கும் கோப்புகளுக்குத் தனியாக வெளியே ஒரு ஃபோல்டர். அதில் போட்டால் அழியாது.

அதைச் சொல்லத்தான் செய்தான். வேலை முடிந்து கிளம்பும்போது, ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, "அண்ணி, இனிமே எதுவா இருந்தாலும் அந்த ஃபோல்டர்லயே சேமிங்க" என்றான். அண்ணி அப்போது ஒலிபுகா அறைக்குள் ஒரு குழந்தைக்குக் காது சோதித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரித்துத் தலையாட்டினாள், போயிட்டு வா என்று. அந்தக் கண்ணாடியைத் தாண்டி ஒரு சத்தமும் போகாது என்று அவனுக்குத் தெரியும். கதவைச் சோதித்துப் பொருத்தியபோது கூடவே இருந்தவன். ஆனாலும் அந்தத் தலையாட்டல் போதும் என்று எடுத்துக்கொண்டான். பேருந்துக்கு நேரமாகியிருந்தது.

"இவ்வளவு நாளா எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்றாள் அண்ணி, தனக்குள் கேட்டுக்கொள்வதைப்போல.

"மெஷினை மாட்டினதும் உள்ள இருக்கறதை மென்பொருளே படிச்சுக்கும் அண்ணி. கோப்பு இல்லைன்னு காட்டிக்காது. மத்தவங்களை வரச் சொன்னா, அவங்க மெஷின்லேர்ந்தே திரும்ப எடுத்துடலாம்."

"இவரோடது வாளில விழுந்துச்சே."

"டிஸ்க் முழுக்கத் தேடிட்டேன். பழைய கணினிலேர்ந்து கொண்டுவந்தது ஒண்ணு இருக்கு. அவர் முதல்முதல்ல வந்தப்போ வெச்சது."

"தகர டப்பாக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்குன்னு அவர் புலம்பினது அதைத்தான்." அண்ணி கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். "அப்புறம்தான் ஒருநாள் அவர் சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்தாரு. படிக்கறதுக்கு ஒரு தாள் கொடுத்தேன். அதைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சுட்டு, அவரைத் திட்ட ஆரம்பிச்சுது அந்தம்மா. ஊர்க் கதவெல்லாம் திறக்கத் தெரியுது, வீட்டுக் கதவைச் சாத்தத் தெரியலைன்னு. 'எங்க உறைக்குதோ அங்க நிறுத்துங்க மேடம்'னு என்கிட்ட சொல்லுது. நானும் ஒவ்வொரு அளவாக் கூட்டிக் குறைச்சு… அவர் முகம் சட்டுன்னு மாறிச்சு. 'போதும், இவதான்'னாரு."

"மறுபடி அவங்களை வரச் சொல்லி…"

"அந்தம்மா போய்ச் சேர்ந்து நாளாச்சு தம்பி."

அவன் திரையைப் பார்த்தான். பழைய விண்டோஸின் பச்சைப் புல்வெளிப் படம் ஒரு புல் நுனிகூட அசையாமல் இருந்தது.

"உங்களுக்கு அந்த அளவு ஞாபகம் இல்லையா?"

"தினமும் எத்தனை காது, எத்தனை குரல். அந்தம்மா திட்டினது ஞாபகம் இருக்கு. குரல் ஞாபகம் இல்ல." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அவர்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன் அண்ணி."

பூட்டுக்காரர் உள்ளே வந்து உட்கார்ந்தார். காதில் ஒன்றும் இல்லாததால் அவன் வாயையே பார்த்தார். அண்ணி அந்த முதல் கோப்பை, தேடிப் பிடித்த மெஷினில் ஏற்றி அவர் காதில் மாட்டினாள். பிறகு அவன் சொன்னான். ஃபோல்டர், டிஸ்க் என்று ஆரம்பித்து, பாதியில் அதையெல்லாம் விட்டுவிட்டு, "உங்க சம்சாரம் வந்தப்போ வெச்ச அளவு என் தப்பால அழிஞ்சுபோச்சு. திரும்ப எடுக்க முடியலை" என்றான்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தான். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, அதில் பதிந்திருந்த குரல் ஒன்றைத் தேடி அழுத்தினார்.

"வரும்போது பல்பு வாங்கிட்டு வாங்க. பின்கட்டுல ஒரே இருட்டு. மறந்துட்டு வந்து நிக்காதீங்க."

அந்தக் குரலை அவன் முதல்முறையாகக் கேட்டான். அவன் காதுக்கு அது தெளிவாக, கொஞ்சம் கரகரப்பாக, உள்ளே ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தது. பூட்டுக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடியும் போட்டார்.

"இது வேற யாரோ" என்றார்.

அண்ணி மவுசின்மேல் கை வைத்து, ஒரு அளவை மெல்ல நகர்த்தினாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். இன்னொன்றை நகர்த்தினாள்.

"எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியாதும்மா. சின்ன வயசுலேர்ந்தே எனக்கு மெஷின்தான். அவ குரலை வெறும் காதால நான் கேட்டதே இல்ல" என்றார் அவர். "ஆனா அன்னிக்கு நீங்க கேட்டீங்க. இங்கதான், இதே நாற்காலில உட்கார்ந்து பேசினா."

செல்போனை மேசையில் அண்ணியின் பக்கமாகத் தள்ளினார். மெஷினைக் காதிலிருந்து கழற்றித் துணியில் துடைத்து, அதையும் பக்கத்தில் வைத்தார்.

"நீங்களே மாட்டிக்கிட்டு இதைப் போட்டுப் போட்டுக் கேளுங்க. அவ எப்ப வர்றாளோ, அங்க நிறுத்திட்டு எனக்குச் சொல்றீங்களா?"