ஐந்து மணி ஜனாஸா

வாப்பாவின் மையித்துக்கு அறுநூறு வோட்டு என்று அண்ணன் பவாஸ் விலை சொன்னபோது, றலியா அவருடைய தாடையைத் தலையோடு சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கூட்டிச் சொல்லல்ல, தங்கச்சி. ளுஹரோட அடக்கினா இப்பயே ஊரு இஞ்ச வந்து நிக்கும். மையவாடிக்குப் போய், வந்து, குளிச்சி, சாப்பிட்டா மூணு மணி. அதுக்குப் பொறகு எவன் வோட்டுப் போட எழும்புற?"

"வாப்பா என்ன சொல்லி வெச்ச, நானா?"

பவாஸ் கைபேசியைப் பார்த்தான். வாப்பா சொல்லிவைத்தது வீட்டுச் சுவருக்கும் தெரியும். எந்த வக்தில் மவுத்தானாலும் அடுத்த வக்துத் தொழுகையோடு அடக்கிவிட வேண்டும், தன்னை வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்கக் கூடாது. ஸுபஹ் தொழுதுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர் ஆறேகாலுக்கு அடங்கிவிட்டார். ளுஹர் பாங்கு பன்னிரண்டு பத்துக்கு. ஆனால் இன்றைக்கு மாநகர சபைத் தேர்தல். ஏழு மணிக்குத் தொடங்கும் வாக்களிப்பு நாலு மணிவரை நடக்கும். வட்டாரத்தில் சுயேச்சையாக நிற்பவன் பவாஸ்.

"யாருக்கும் சொல்லாம வெச்சிருப்போம். நாலு மணிக்குப் பள்ளிவாசல்ல அறிவிச்சா அஞ்சுக்கு எடுக்கலாம்."

"ஒரு மணி," என்றாள் றலியா.

"அஞ்சு."

"ரெண்டு. ரெண்டு மணிக்காவது எடுங்க."

"அஞ்சு, தங்கச்சி."

"மூணு. அதுக்கு மேல ஏலா."

"நாலு மணிக்குத்தான் பெட்டிய மூடுவாங்க. அஞ்சுதான் கடைசி."

துணிக்கடைக்காரர் பெற்ற பிள்ளைகள். பேரம் பேசாமல் இருவருக்கும் வாய் நிற்காது. மூன்று என்று சொன்ன பிறகுதான், தான் எதை வைத்து விலை பேசுகிறோம் என்று றலியாவுக்கு உறைத்தது.  எழுந்து போய்க் குசினித் தொட்டியில் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

வாப்பா ஸவாஹிர் ஹாஜியார் கொழும்பு வீதியில் அறுபது வருடம் துணி வெட்டியவர். எல்லாக் கட்சிக்கும் கொடித்துணி கொடுத்தார். தோற்றவனிடம் மிஞ்சியதைப் பாதி விலைக்கு வாங்கி, அடுத்த தேர்தலில் அவனுக்கே முழு விலைக்கு விற்றார். வட்டாரத்தின் தேர்தல் சரித்திரம் முழுக்க அவர் வாயில்தான் இருந்தது. எழுபத்தேழில் ஒரு வோட்டு ஒரு புரியாணிப் பார்சல். எண்பத்தொன்பதில் வோட்டுப் போடப் போனவனுக்கு உயிரோடு வீடு திரும்பியதே கூலி. தொண்ணூறுகளில் கூரைத் தகரம், அப்புறம் சபையில் சிற்றூழியர் வேலை, அப்புறம் பருப்பும் சீனியும் போட்ட பை. இந்தத் தடவை கடித உறைக்குள் ஐயாயிரம். "மனுசன்ட விலை ஏறல்ல மகள், பார்சல்தான் சின்னதாகி வருது," என்று போன கிழமைதான் சிரித்தார். மூன்று தேர்தலில் மூன்று கொடி பிடித்த மகனையும் அந்தச் சரித்திரத்தில் விடாமல் சேர்த்துக்கொள்வார். அந்த மூன்று கொடிக்கும் துணி அவருடையதுதான்.

பவாஸ் கீழே இறங்கியதும் றலியா பள்ளிவாசல் தலைவருக்குக் கோல் எடுத்தாள்.

"ஓ மகள், பவாஸ் ஹாஜி இப்பதான் சொன்ன. இன்னாலில்லாஹ். அஞ்சு மணி நல்ல நேரந்தானே, வெயிலும் தணிஞ்சிரும்."

"ளுஹரோட எடுக்கச் சொல்லித்தான் வாப்பா..."

"ஆம்புளைகள் பேசி முடிச்சாச்சி மகள். நீங்க ஓதிக்கொண்டு இருங்க." கொஞ்சம் நிறுத்தினார். "பவாஸ் ஹாஜி வெண்டா பள்ளிக்குச் சுத்துமதில் ஒண்டும் கட்டித் தாறதா ஈக்கிது, தெரியுந்தானே."

பத்து மணிக்கு அவள் புருஷன் பாயிஸ் இரண்டு சாக்கோடு படியேறி வந்தான். வோட்டுப் போடுகிறவர்களை ஏற்றி இறக்கும் வேன் இன்று அவன் கையில்.

"என்ன இது?"

"ஐஸ். பவாஸ் மச்சான் அனுப்பின. அஞ்சு மணி மட்டும் தாங்கோணுமே."

சாக்கைத் துணி ஊறப்போடும் அலுமினியக் குட்டையில் கவிழ்த்தாள். மீன்கடை ஐஸ். கட்டிகளுக்கு நடுவே செதில்கள் மினுங்கின. அறுபது வருடமாக அத்தர் பூசாமல் கடை திறக்காத மனிதருடைய கட்டிலுக்கடியில் அந்தக் குட்டையைத் தள்ளினாள். அறை முழுக்கச் சூரைமீன் நாறியது.

"நீயும் ஒண்டும் சொல்லல்லயா?"

பாயிஸ் இடது சுண்டுவிரலில் வோட்டுக்கு வைத்த ஊதா மையைக் கட்டியிருந்த சாரத்தில் தேய்த்தான். "கீழ பதினாலு பேர் வேனுக்கு நிக்காங்க," என்றான்.

பதினொரு மணிபோல வேலாயி வந்தாள். தெல்தோட்டைத் தோட்டத்திலிருந்து இறங்கி, முப்பது வருடம் ஹாஜியாரின் கடையைக் கூட்டியவள். அவளுடைய பிரஜாவுரிமைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தது ஹாஜியார். அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச் சாவடிக்குப் போகுமுன் அவரிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் போவாள்.

"மொதலாளி எந்திரிச்சிட்டாங்களா தங்கச்சி? கார்டு கொண்டாந்திருக்கேன். இந்த வாட்டி எதுக்குப் போடச் சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

றலியா வாயைத் திறப்பதற்குள், சோறு தின்ன வந்திருந்த பவாஸ் மேசையில் இருந்தபடியே குரல் கொடுத்தான்.

"வாப்பா தூங்குறார், வேலாயி. எனக்கே போடச் சொன்ன."

வேலாயி றலியாவைப் பார்த்தாள். "அப்புடியா தங்கச்சி?"

ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லை வேலாயி கீழ்த்தெருவுக்குக் கொண்டுபோனால், பன்னிரண்டு பத்துக்கு முன்னால் ஊர் வாசலில் நிற்கும். நானாவின் கை சோற்றுக்கு மேல் அப்படியே நின்றது. றலியா தரையைப் பார்த்தாள். 

அறைக் கதவுக்கடியிலிருந்து தண்ணீர் கோடாக வந்து வேலாயியின் கால்விரலைத் தொட்டது. அவள் குனிந்து பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"தூங்குறவங்களுக்கு எதுக்குங்க ஐசு?"

 வேலாயி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வெளிப்படியில் போய் உட்கார்ந்தாள்.

"வேலாயி, வேன் ஈக்கிது. போய்ப் போட்டுட்டு வா," என்றான் பவாஸ்.

"வேணாங்க. சொல்றவங்க எந்திரிக்கட்டும்."

ஊரிடம் சொல்லவும் அவள் போகவில்லை. முதலாளி வீட்டு விஷயத்தை முதலாளி வீட்டார்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. ளுஹர் பாங்கு சொன்னார்கள். றலியா கட்டிலருகே நின்று கேட்டாள். ஐஸ் கரையக் கரையப் பாயிஸ் இன்னும் இரண்டு தடவை சாக்கோடு வந்தான்.

நாலு மணிக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஹாஜியாரின் பெயரைச் சொன்னது. தொழுகை நடத்தும் லெப்பை வந்தார். குளிப்பாட்டி வெள்ளைத் துணியில் கபனிட்டார்கள். கெலிஓயாச் சொந்தங்களுக்கு அப்போதுதான் செய்தி போனது. கோல் எடுத்த மாமி, "காலையில மவுத்தானவருக்கு இப்பவா சொல்ற?" என்று கேட்டுவிட்டுக் கோலைத் துண்டித்தாள். வானமும் அந்நேரம் பார்த்துக் கொட்டத் தொடங்கியது.

மையித்தை ஏற்றிய சந்தூக்கை வாசலில் வைத்தபோது பவாஸின் கைபேசி அடித்தது.

"எண்ணத் தொடங்கிட்டாங்க," என்றான். எண்ணுவதும் வோட்டுப் போட்ட அதே பள்ளிக்கூடத்தில்தான். "நான் நிக்காட்டி என்ட வோட்டெல்லாம் செல்லாதெண்டு ஒதுக்கிருவாங்க. நீங்க தூக்குங்க. நான் அப்பிடியே மையவாடிக்கு வாறேன்."

"வாப்பாவ தூக்கிட்டுப் போங்க நானா."

"ஒரு அரை மணித்தியாலம்."

அவன் குடையை விரித்துக்கொண்டு இறங்கினான். வாசலில் நின்ற கூட்டத்தில் பெரும்பாதி அவன் பின்னால் இறங்கியது. மிஞ்சியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஊதா விரல்கள் சந்தூக்கின் கம்பைப் பிடித்தன. வேலாயி எழுந்து ஓரமாக நின்று வழிவிட்டாள்.

மஃரிபுக்குப் பிறகு பள்ளிக்கூடப் பக்கம் பட்டாசு வெடித்தது. பதினேழு வோட்டால் பவாஸ் வென்றுவிட்டான் என்று பக்கத்து வீட்டு றிஸ்னா மதிலுக்கு மேலால் சொன்னாள். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாத முகத்தோடு சொல்லிவிட்டுப் போய்விட்டாள். றலியா குட்டையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவையாகச் சவர்க்காரம் போட்டும் அடியில் ஒட்டிய செதில் ஒன்று போகவில்லை. நகத்தால் சுரண்டினாள்.

பாயிஸ் கணுக்கால் மட்டும் செம்மண்ணோடு வந்து வாசலில் நின்றான்.

"நானா வந்தாரா?"

"கால் கழுவத் தண்ணி தா."

செம்பை நீட்டினாள். அவன் ஒரு காலைக் கழுவி முடித்ததும் கேட்டாள்.

"எத்தின பேர் தொழுத?"

"மூணு ஸஃப்பு."

"மூணா?"

"ஒரு ஸஃப்புக்கே ஆள் காணாது. மூணு ஸஃப்பா நிண்டா மையித்துக்கு நல்லமெண்டு லெப்பைதான் வரிசை வரிசையாப் பிரிச்சி நிப்பாட்டின." அடுத்த காலில் தண்ணீரை ஊற்றினான். "எட்டு, ஏழு, ஏழு."

"இருவத்திரெண்டு," என்றாள் றலியா. "லெப்பையும் சேத்தா?"

பாயிஸ் விரல்களை மடக்கி இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தான்.

"இல்ல. லெப்பையோட இருவத்தி மூணு."